காட்டிக்கொடுத்தான் வகையறா

எனக்கு வாய் நீளம். இதை என் புருஷன் ஜெயகிருஷ்ணன் சொன்னால் சண்டைக்குப் போவேன்; நானே சொல்லிக்கொண்டால் யாரும் மறுப்பதில்லை. கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சராக இருந்து, தலைமையாசிரியரோடு மல்லுக்கட்டி வேலையை விட்டவள் நான். சும்மா இருக்கப் பிடிக்காமல் யூடியூபில் ஒரு சேனல் தொடங்கினேன். இந்த வட்டாரத்தின் யாருக்கும் தெரியாத வரலாற்றைத் தேடிப்பிடித்துச் சொல்வதுதான் சேனலின் வேலை. ஜெயகிருஷ்ணனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை. ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு எனக்குக் கேமரா பிடிப்பார்.

போன வருஷம் பங்குனியில் ஓட்டப்பிடாரம் போகும் வழியில் சின்னக் கரட்டுப்பட்டிக்கு அம்மன் கோயில் கொடை விழா பார்க்கப் போயிருந்தோம். வேப்பமரத்து நிழலில் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது மைக் செட்டில் ஒரு குரல் வந்தது.

"காட்டிக்குடுத்தான் வகையறா, காட்டிக்குடுத்தான் வகையறா... எங்கன இருந்தாலும் தொட்டிப்பக்கம் வரவும். ஆத்தாளுக்கு நேரமாச்சு."

மோர் புரையேறிவிட்டது எனக்கு. பாஞ்சாலங்குறிச்சி கோட்டை இருக்கிற மண் இது. இங்கே ஒருவனைக் கொலைகாரன் என்று சொன்னால்கூடச் சமாதானம் பேசிவிடலாம், காட்டிக்கொடுத்தவன் என்று சொன்னால் தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போகும். அப்படிப்பட்ட வார்த்தையை மைக்கில் போட்டு ஒரு குடும்பத்தைக் கூப்பிடுகிறார்கள். கூட்டத்தில் ஒருத்தர் முகமும் மாறவில்லை. கூப்பிடப்பட்ட மனிதரோ தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார்.

அவர் சுடலைமணி. ஆட்டுக்காரர். ஊரில் இருக்கிற ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றில் முதல் குடம் இறைத்து, பக்கத்திலிருக்கும் கல்தொட்டியில் ஊற்றினார். ஆடு மாடுகள் வந்து வாய்வைத்த பிறகுதான் அம்மனுக்கே தண்ணீர் எடுத்தார்கள். அந்த முதல் குடம் தலைமுறை தலைமுறையாக அவர் வீட்டுக்கு மட்டுமே உரியதாம்.

"அண்ணாச்சி, உங்க குடும்பத்துக்கு ஏன் இந்தப் பேரு?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் தங்கச்சி? எங்க தாத்தா காலத்துலயே இப்படித்தான் கூப்பிட்டிருக்காவ. பேருன்னா பேருதான? சேமியா ஐஸ் சாப்பிடுதீங்களா?"

கோயில் தர்மகர்த்தா கோபாலசாமியிடம் கேட்டேன். "அது அந்தக் காலத்துப் பேரும்மா" என்றார். அவருக்கும் தெரியவில்லை. ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் 'தெரியாது' என்பதை வைத்து வீடியோ போட முடியாதே!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய், ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் நின்று கதையை விட்டேன். பாளையக்காரர் போர் நடந்த காலம். கோட்டை விழுந்த பிறகு ஏழு வீரர்கள் தப்பி வந்து இந்த ஓடையில் ஒளிந்திருந்தார்கள். ஓர் ஆட்டுக்காரன் ஒரு மந்தை ஆட்டுக்கு ஆசைப்பட்டு அவர்களை வெள்ளைக்காரனிடம் காட்டிக்கொடுத்தான். ஏழு பேரும் செத்தார்கள். அந்தத் துரோகத்துக்குத் தண்டனையாகத்தான் அவன் வம்சம் இன்றுவரை இந்த ஊருக்கு முதல் தண்ணீர் சுமக்கிறது. சொல்லிவிட்டு, "அந்த மந்தையின் வாரிசுகள் இதோ" என்று கையை நீட்டினேன். ஜெயகிருஷ்ணன் கேமராவைத் திருப்பி, வெடித்த கரிசலில் மேய்ந்துகொண்டிருந்த சுடலைமணியின் ஆடுகளைக் காட்டினார்.

வீட்டில் எடிட் பண்ணும்போது, "ஏட்டி, ஏழு பேருன்னு எங்கன படிச்ச?" என்று கேட்டார்.

"ஆறுன்னா சப்புன்னு இருக்கும். எட்டுன்னா நம்ப மாட்டாங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. மனசாட்சிக்கு ஒரு ஒட்டுப் போடுகிற மாதிரி கடைசியில் 'என்று சொல்லப்படுகிறது' என்று ஒரு வாலையும் சேர்த்திருந்தேன். யாரால் சொல்லப்படுகிறது? பூங்கொடி என்கிற என்னால்தான் சொல்லப்படுகிறது. வேறு ஒரு ஈ காக்கா சொன்னதில்லை.

என் வீடியோக்களிலேயே அதுதான் பிய்த்துக்கொண்டு ஓடியது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் அந்த ஆட்டுக்காரனைத் திட்டித் தீர்த்தார்கள். நான் ஒவ்வொருத்தருக்கும் கைகூப்புகிற பொம்மை போட்டு நன்றி சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தை மாதம் ஒருநாள் காலையில் வாசல் மணி அடித்தது. திறந்தால் சுடலைமணி நிற்கிறார். தலையில் முடியில்லை, தலைப்பாகையும் இல்லை. கையில் ஒரு கட்டுப் பனங்கிழங்கு.

"முத்துத்தாய் குடுத்துவிட்டா தங்கச்சி. வெறுங்கையோட போவாதீங்கன்னா."

உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினேன். அவர் தரையில் உட்கார்ந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். சண்டை என்றால் எனக்குப் பழக்கம், நாலு வார்த்தை தயாராகவே வைத்திருந்தேன்.

"எம்மவ கட்டிப்போன ஊர்ல இருந்து போன் போட்டு அழுதா. பிறவுதான் நீங்க பேசுனதப் பாத்தேன். நல்லா வெளக்கமாச் சொல்லியிருக்கீங்க. எங்களுக்குத்தான் இம்புட்டு நாளா ஒண்ணும் தெரியாமப் போச்சு."

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"என்ன ஒரு கூத்து பாத்தீங்களா தங்கச்சி? அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடயில நான் பல்லக் காட்டிக்கிட்டுல்லா போவேன். பெரிய மரியாதன்னு நெனச்சு! ஏழு உசுரு போயிருக்கு. திருச்செந்தூர்ல போயி மொட்டையடிச்சு, கடல்ல ஏழு முங்கு போட்டுட்டு வந்தேன். அப்பவும் மனசு ஆறல."

"அண்ணாச்சி..."

"ஒரே ஒரு ஒத்தாசதான் கேக்க வந்தேன். அந்த ஏழு பேரு வம்சத்துல இப்பம் யாரு இருக்காவ, எந்த ஊர்ல இருக்காவன்னு சொல்லுங்க. ஏழு கிடா ஒதுக்கிவச்சிருக்கேன். வீட்டுக்கு ஒண்ணாக் குடுத்து, காலுல விழுந்துட்டு வந்துருதேன். அந்த மந்தையில வந்த ஆடுதான? எனக்கு எதுக்கு அது?"

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். 'ஏழு பேரும் இல்லை, ஒருத்தரும் இல்லை, எல்லாம் என் வாய்க்கொழுப்பு' என்று ஒரு வரி போதும். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளைப் பொய் சொன்னதற்காக வெளியே நிறுத்தியிருப்பேன்!

"எனக்குத் தெரியலயே அண்ணாச்சி" என்றேன்.

"பேராவது தெரியுமா?"

"பேரும்... தெரியல."

"நீங்கல்லாம் படிச்சவிய. கொஞ்சம் தேடிப் பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல." எழுந்துகொண்டார். "இந்த வருசக் கொடைக்கு நான் முதக் குடம் எடுக்கல. கோபாலசாமியண்ணன்கிட்டச் சொல்லிட்டேன். அவரு, ஊருக்கு ஒண்ணும் வருத்தமில்லலே, நீ எடுன்னுதான் சொல்லுதாரு. எனக்குல்லா கை கூசுது."

அவர் போன பிறகு ஜெயகிருஷ்ணன் உள்ளறையிலிருந்து வந்தார். "சொல்லிருக்கலாம்லா, பூங்கொடி" என்றார். அவ்வளவுதான், அவர்மேல் பாய்ந்துவிட்டேன். கேமராவைத் திருப்பி ஆட்டைக் காட்டியது யார் என்று கேட்டேன். சிரித்தது யார் என்று கேட்டேன். பாவம், அவர் கடைக்குக் கிளம்பிப் போனார். பனங்கிழங்கை அவித்தேன். ஒரு துண்டு வாயில் போட்டேன், இறங்கவில்லை.

அன்றைக்கே வீடியோவை அழித்தேன். அழித்து என்ன புண்ணியம்? எவனெவனோ அதை வெட்டி, பின்னால் முரசுச் சத்தம் வைத்து, தங்கள் பக்கங்களில் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒன்றில் ஏழு வீரர்களுக்கும் மீசை வைத்துப் படம்கூடப் போட்டிருந்தார்கள். நான் பெற்றவர்களுக்கு ஊரான் மீசை வைத்துவிட்டான்.

மாசி மாதம் மனசு கேட்காமல் சின்னக் கரட்டுப்பட்டிக்கு பஸ் ஏறினேன். எப்படியாவது சொல்லிவிடுவது என்று தீர்மானம். உளுந்தும் பாசியும் எடுத்து முடிந்து காடு மொட்டையாகக் கிடந்தது. சுடலைமணியின் மனைவி முத்துத்தாய் கிணற்றடியில் குடம் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"அண்ணாச்சி எங்க மதினி?"

"ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்காவ. இங்கன தொட்டிக்குக் கொண்டாங்கன்னா கேக்க மாட்டேங்காவ. அங்கன ஓடைக்கு அந்தப் பக்கம் உப்புத் தண்ணியவே காட்டுதாவ. குட்டியெல்லாம் கழியுது."

தண்ணி காட்ட. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சு. 'மாட்டுக்குத் தண்ணி காட்டுலே' என்று எங்கள் அப்பா கத்தாத நாள் இல்லை. குடிக்கக் கொடுப்பதற்கு இந்த ஊரில் அதுதான் வார்த்தை. தண்ணி காட்டிக் கொடுத்தவன் வீடு. சொல்லிச் சொல்லி முன்னால் இருந்த தண்ணி தேய்ந்து உதிர்ந்துபோயிருந்தால்? மிச்சம் நிற்பது 'காட்டிக்கொடுத்தான்' தானே! சுற்றி எங்கே தோண்டினாலும் உப்பாகக் கிடக்கிற பூமியில் இந்த ஒரு ஊற்றை ஏதோ ஒரு ஆட்டுக்காரன் முதலில் கண்டு ஊருக்குக் காட்டியிருக்கலாம். அதனால்தான் கொடையன்று முதல் குடம் அவன் வீட்டுக்கு. அதனால்தான் சாமிக்கும் முன்னால் ஆட்டுக்கு. துரோகம் செய்தவன் குடும்பத்தைச் சிரித்த முகத்தோடு மைக்கில் கூப்பிட எந்த ஊருக்காவது பைத்தியமா? போன வருஷமே இது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஓடைப்பக்கம் ஓடினேன் என்றே சொல்லலாம். சுடலைமணியோடு கோபாலசாமியும் இன்னும் நாலைந்து ஆட்களும் கருவேலமரத்தடியில் நின்றார்கள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். சுடலைமணி பொறுமையாகக் கேட்டார்.

"தண்ணி காட்டுனவருன்னா தண்ணி காட்டுனவருன்னுதான சொல்லிருப்பாவ? இது நீங்களா யோசிச்சதா, எதுலயும் எழுதியிருக்கா?"

"நானா யோசிச்சதுதான் அண்ணாச்சி. ஆனா எல்லாம் பொருந்துதே."

"முன்னச் சொன்னதும் பொருந்தத்தான் செஞ்சுச்சு. முன்னயும் நீங்கதான் சொன்னீங்க, இப்பமும் நீங்கதான் சொல்லுதீங்க. நான் எத எடுக்க?"

நாலைந்து பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தர் ஏற்கெனவே செல்போனை எடுத்துவிட்டார். 'பொய் சொன்னேன்' என்கிற வார்த்தை வாய் வரைக்கும் வந்து, வெளியே வரும்போது வேறு உடுப்புப் போட்டுக்கொண்டது.

"அந்த ஏழு பேரு கதைக்குச் சரியான ஆதாரம் இல்ல அண்ணாச்சி" என்றேன்.

"ஆதாரம் இல்லன்னா நடக்காமலா இருக்கும்? எங்க தாத்தா பொறந்ததுக்கு என்ன ஆதாரம் இருக்கு?" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். கொம்பில் காவி பூசிய ஏழு கிடாக்கள் மந்தையில் தனியாகத் தெரிந்தன.

திரும்பி வந்து ஜெயகிருஷ்ணனிடம் சொன்னேன். "ஆதாரம் இல்லங்கது வேற, இட்டுக்கட்டுனதுங்கது வேற. நீ அங்கயும் டீச்சராவே பேசிட்டு வந்துருக்க" என்றார். இந்த முறை அவரோடு சண்டை போடவில்லை. அவர் கேலியாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், வருத்தமாகச் சொன்னார்.

இந்த வருஷக் கொடை பங்குனியில் வந்தது. இரண்டு பேரும் போனோம். கேமரா எடுத்துப்போகவில்லை. அதே வேப்பமரம், அதே மோர். கொஞ்ச நேரத்தில் மைக் செட் கூப்பிட்டது.

"காட்டிக்குடுத்தான் வகையறா தொட்டிப்பக்கம் வரவும்."

யாரும் வரவில்லை. கோபாலசாமி மறுபடி கூப்பிடச் சொன்னார். கூட்டத்தில் நின்ற இளவட்டங்கள் சிரித்தார்கள். போன வருஷம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான்தான் அவர்களுக்கு அந்தச் சிரிப்பைக் கற்றுக்கொடுத்தேன். தூரத்தில் ஆட்டுக்கிடை ஓரமாக மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சுடலைமணி குனிந்து நின்றார். வெயிலில் ஆடுகள் நாக்குத் தள்ளி நின்றன. முதல் குடம் விழாமல் தொட்டியில் தண்ணீர் கிடையாது, அம்மனுக்கும் கிடையாது.

கால் தானாக நடந்தது. மைக்காரரிடமிருந்து மைக்கை வாங்கினேன்.

"நான் பூங்கொடி. வீடியோ போட்டவ. அந்த ஏழு வீரர் கதை நானா இட்டுக்கட்டுனது. ஏழு பேரு கிடையாது. யாரும் இந்த ஓடையில ஒளியல, யாரும் யாரையும் காட்டிக்குடுக்கல. ஒரு மந்தை ஆடுன்னு சொன்னதும் பொய்தான். நாலு பேரு பாக்கணும்னு சொன்னேன். சுடலைமணி அண்ணாச்சி குடும்பத்துக்குச் செஞ்ச பாவம் என்னோடது. எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

அழுதுவிட்டேன். மைக்கில் அது ஊர் முழுக்கக் கேட்டது.

யாராவது வையட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்று நின்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பாத்தியாட்டி, டீச்சரம்மாவுக்கு எவ்வளவு எளகுன மனசு!" கோபாலசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு ஏழைக் குடும்பம் தலகுனிஞ்சு நிக்கக் கூடாதுன்னு, நடந்தத நடக்கலன்னு சொல்லுதாவ. தன்மேல பழியப் போட்டுக்கிட்டுச் சொல்லுதாவய்யா!" யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள்.

"இல்ல, நெசமாத்தான் சொல்லுதேன்" என்று கத்தினேன். மைக்கை அணைத்திருந்தார்கள்.

கைதட்டல் கேட்டு சுடலைமணி நடந்து வந்தார். பின்னால் முத்துத்தாய், அவள் பின்னால் மந்தை. என் எதிரில் வந்து நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

"எனக்காவ நீங்க பொய் சொல்லாண்டாம் தங்கச்சி. சாமி முன்னால சொல்லி, அந்தப் பாவத்த ஏன் கட்டிக்கிடணும்?"

"சத்தியமா நான் அன்னைக்குச் சொன்னதுதான் பொய் அண்ணாச்சி. அந்த ஏழு பேரும் இல்லவே இல்ல."

"அப்படிச் சொல்லாதீங்க. அவிய காதுல விழும்" என்றார் மெதுவாக. "இம்புட்டுத் தூரம் எனக்காவப் பேசிட்டீங்க. ஒங்க வார்த்தைக்காவ எடுக்கேன்."

கிணற்றில் குடத்தை இறக்கினார். நிறைந்த குடத்தைத் தூக்கிக் கல்தொட்டியில் ஊற்றினார். ஆடுகள் முண்டிக்கொண்டு வந்து குடித்தன. குலவைச் சத்தம் எழுந்தது. எனக்கும் ஒரு நொடி நெஞ்சு லேசானது. போகட்டும், நம்பாவிட்டாலும் குடத்தை எடுத்துவிட்டாரே என்று நினைத்தேன்.

அவர் குடத்தை மறுபடி இறக்கினார். அந்தத் தண்ணீரோடு தொட்டிக்குப் பின்பக்கம் போனார். அங்கே நான் இதுவரை பார்க்காத ஏழு கல் வரிசையாக நட்டிருந்தது. மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கிடா கட்டியிருந்தது. ஒவ்வொரு கல்லாகக் குனிந்து தண்ணீர் ஊற்றினார்.

"வம்சம் தெரியலன்னு சொன்னீங்கள்ளா. அதான் இங்கனயே கொண்டாந்து வச்சிட்டேன். இனிமே வருசா வருசம் ஆட்டுக்கு அடுத்த தண்ணி இவியளுக்குத்தான். எனக்குப் பிறவு எம்மவ வீட்டாளுவ ஊத்துவாவ."

கோபாலசாமி தலையாட்டினார். "ஏலே, ஏழு பேருக்கும் பூப் போடுங்கலே" என்று இளவட்டங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். கொஞ்சம் முன்னால் சிரித்த பையன்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். ஜெயகிருஷ்ணன் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

முத்துத்தாய் என் பக்கத்தில் வந்து, என் உள்ளங்கையில் அரளிப்பூவை வைத்து விரல்களை மூடினாள்.

"முதல்ல நீங்க போடுங்க மதினி. நீங்க சொல்லலன்னா இவியளுக்கு யாரு இருக்கா?"

ஏழு கல்லுக்கும் போட்டேன்.